'சரிங்க' என்றால் சம்மதம் இல்லை

கேள்வி: மேடம், ஈரோடு பக்கத்தில் வீட்டு முன் அறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை தைக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து கால் 'லோன் வேணுமா, கார்டு வேணுமா' என்று வருகிறது. புது நம்பர் என்று எடுக்காமல் விடவும் முடியாது. பாதி வாடிக்கையாளர்கள் புது நம்பரில் இருந்துதான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஓவர்லாக் மெஷின் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம், சாதாரண மொபைல் நம்பரில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார். 'உங்களுக்கு ஒரு லட்சம் ப்ரீ அப்ரூவ்டு ஆகியிருக்கு, ஃபிளாட் ரேட் 11 பர்சென்ட்தான், இன்னைக்கு ஆறு மணியோட ஆஃபர் முடியுது' என்று மூச்சு விடாமல் பேசினார். எனக்குப் பாதி புரியவில்லை. 'சரிங்க, சரிங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். லிங்க் வந்தது, ஓடிபி போட்டேன். கணக்கில் 92,460 ரூபாய்தான் ஏறியது. மாதம் 3,695 வீதம் 36 மாதம் கட்ட வேண்டுமாம். மீதி எங்கே என்று கேட்டால், 'ப்ராசசிங் ஃபீஸ் 3,000, ஜிஎஸ்டி 540, க்ரெடிட் ஷீல்டு 4,000. நீங்க கன்சென்ட் கொடுத்திருக்கீங்க, ரெக்கார்டு இருக்கு' என்கிறார்கள். 'படிக்காம ஏன் ஓடிபி போட்டே' என்று மகன் திட்டுகிறான். போன் அடித்தாலே கை நடுங்குகிறது. நேற்று கூப்பிட்ட ஒரு பெண்ணிடம் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன், அதுவும் உறுத்துகிறது. இந்தக் கால்களை நிறுத்த முடியுமா? நான் ஏமாந்துவிட்டேனா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் திறந்து, கடன் ஏறிய நாளையொட்டி வந்த கோப்புகளைத் தேடுங்கள். இரண்டு தாள் வேண்டும். ஒன்று காப்பீட்டுத் தாள், இன்னொன்று, கடனின் வட்டி, கட்டணம் எல்லாம் எழுதி 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று தலைப்புப் போட்ட தாள்.

'க்ரெடிட் ஷீல்டு' என்று அவர்கள் சொன்னது ஒரு காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும், பெரும்பாலும் அவ்வளவுதான். அது கெட்ட பொருள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டு வாங்கியதும் இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 'எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்கலாம். இதை 'ஃப்ரீ லுக்' என்பார்கள். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை 2024-ல் 30 நாளாக்கினார்கள். பாதுகாப்பு இருந்த நாள்களுக்கான சிறு தொகை, முத்திரைத்தாள் செலவு மாதிரி சிலவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது, கடன் வாங்கிய பலரையும் ஒரே பாலிசியில் சேர்க்கும் குழுக் காப்பீட்டின் சான்றிதழாக இருக்கலாம். அதிலும் ஃப்ரீ லுக் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். பன்னிரண்டு நாள் போய்விட்டது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனி உங்கள் 'சரிங்க'வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த சொல் அதுதான்.

நம் ஊரில் எதிரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது 'சரிங்க' என்றால், 'கேட்டுக்கிட்டு இருக்கேன், மேலே சொல்லுங்க' என்று பொருள். பாட்டி கதை சொன்னால் பேரன் 'ம்' கொட்டுவது போலத்தான். கொங்குப் பக்கத்தில் வளர்ந்தவர் பதிலே சொல்லாமல் போனைக் காதில் வைத்திருந்தால் அது மரியாதையாகாது. நீங்கள் மரியாதைக்காகச் சொன்ன சொல்லை அங்கே பதிவு செய்து, 'வாடிக்கையாளர் சம்மதித்தார்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்கள். போனில் விற்கிறவர்கள் நீளமாகப் பேசிவிட்டு நடுவில் 'ஓகேவா மேடம்?' என்று கேட்பதை இனிமேல் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு கட்டணத்தையோ நிபந்தனையையோ வேகமாகச் சொல்லி முடித்த கையோடுதான் அந்தக் கேள்வி வரும்.

ஆகவே இந்த மாதிரிக் கால்களில் மட்டும் 'சரிங்க', 'ஆமாங்க', 'ம்' மூன்றையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக 'எழுத்துல அனுப்புங்க' என்று சொல்லிப் பழகுங்கள். ஆரம்பத்தில் கடுமையாகப் பேசுவது போல உங்களுக்கே தோன்றும். நாலைந்து முறை சொன்னால் வாய்க்கு வந்துவிடும்.

ஏமாந்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்காமல் ஓடிபி போட்டது தவறுதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். கடனுக்கு அந்த ஓடிபி உங்கள் கையெழுத்து போல. அதனால் 'நான் கடனே வாங்கவில்லை' என்று வாதாட முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை வாங்குவதற்கு முன் அவர்கள் செய்திருக்க வேண்டிய சில வேலைகள் உண்டு. அவற்றைச் செய்யவில்லை என்றால் தவறு அவர்கள் பக்கமும் இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் கொடுக்கும் எல்லாப் புதுத் தவணைக் கடன்களுக்கும் அது பொருந்தும். அதன்படி, கடன் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே, நான் மேலே சொன்ன கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்டைக் கொடுக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் உள்ளதை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். கட்டணங்கள், காப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். அந்தத் தாளில் எழுதாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், பின்னால் வசூலிக்கக் கூடாது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஒரு வாரமோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும். நீங்கள் யோசித்துப் பார்க்க அந்த மூன்று நாள் உங்களுக்கு. அப்படியிருக்க 'இன்னைக்கு ஆறு மணியோட முடியுது' என்பது எங்கிருந்து வந்தது? உங்களை மகனிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ கேட்க விடாமல் இருக்கச் சொன்ன வார்த்தை அது. கடன் பேச்சில் இனி யாராவது மணிக்கணக்கு சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன், ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஃபிளாட் ரேட் 11 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 11,000 வட்டி. மூன்று ஆண்டுக்கு 33,000. அசலோடு சேர்த்து 1,33,000. அதை 36-ஆல் வகுத்தால் 3,694 ரூபாய் சொச்சம். உங்கள் தவணை அப்படித்தான் வந்திருக்கிறது. அந்தத் தவணையில் சுமார் 2,778 ரூபாய் அசலுக்கும் 917 ரூபாய் வட்டிக்கும் போகிறது. முதல் மாதம் உங்கள் கையில் முழு ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு 917 வட்டி வாங்குவது சரி. கடைசி மாதம் நீங்கள் பாக்கி வைத்திருப்பது 2,778 ரூபாய்தான். அதற்கும் அதே 917 ரூபாய் வட்டி கட்டுவீர்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.

வங்கிகள் பொதுவாகச் சொல்லும் முறையில், அதாவது பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில், இதே தவணை ஆண்டுக்கு ஏறத்தாழ 19.5 சதவீதம் ஆகிறது. கைக்கு வந்தது ஒரு லட்சம் இல்லை, 92,460 என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 25 சதவீதத்தைத் தாண்டுகிறது. போனில் உங்கள் காதில் விழுந்த எண் 11. உங்கள் தாளில் ஆண்டுச் சதவீதம் என்ற இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். 25-ஐ ஒட்டி இருந்தால், அந்த ஒரு வரியை உங்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்பதுதான் உங்கள் புகாரின் முதல் வாக்கியம். அங்கேயும் 11 என்றே போட்டிருந்தால் விஷயம் இன்னும் பெரிது, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

'ப்ரீ அப்ரூவ்டு' என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன். கடன் தர முடிவு செய்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும், உங்கள் நம்பர் ஒரு பட்டியலில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று கணினி சொல்லியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 'மாண்டேட்' என்றால் மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து அவர்களே பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதி. 'ஃபோர்குளோசர்' என்றால் கடனை முன்கூட்டியே அடைப்பது. அதற்கும் கட்டணம் இருக்கலாம். 'டெனர்' என்பது எத்தனை மாதம் என்பதுதான். 'ஜீரோ பர்சென்ட் ஈஎம்ஐ' பற்றி ரிசர்வ் வங்கியே 2013-ல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, கிரெடிட் கார்டு திட்டங்களில் அந்த வட்டி பல நேரம் ப்ராசசிங் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று.

இந்தச் சொற்களை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாளைக்கே புதுசாக நாலு சொல் கொண்டு வருவார்கள். எந்தச் சொல் வந்தாலும் 'ரூபாயில சொல்லுங்க' என்று கேளுங்கள். கைக்கு எத்தனை ரூபாய் வரும், மொத்தம் எத்தனை ரூபாய் கட்டணும், ஒரு வருஷத்தில் முடித்தால் எத்தனை ரூபாய் கட்டணும். இதற்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் அந்தப் பொருளே வேண்டாம். துணி எடுத்து வரும் பெண்ணிடம் நீங்கள் 'ப்ரின்சஸ் கட், பேடட், பைப்பிங் சேர்த்து' என்று அடுக்கினாலும், அவர் கடைசியில் 'அக்கா, மொத்தம் எவ்வளவு?' என்றுதானே கேட்பார்? நீங்களும் அதற்கு ரூபாயில்தானே பதில் சொல்வீர்கள்?

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 27 ஆண்டு ஒரு வங்கியில் வேலை பார்த்தவள் நான். திங்கட்கிழமைதோறும் காலையில் கூட்டம் நடக்கும். 'லீட்', 'கன்வர்ஷன்', 'கிராஸ் செல்லிங்' என்று மேலிருந்து வரும் சொற்களை நாங்களும் கூச்சமில்லாமல் சொல்வோம். அதில் ஒரு சொல், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் பழம் என்று. பென்ஷன் வாங்க மாதாமாதம் கிளைக்கு வரும் பெரியவர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்தது, இரண்டு லட்சம். கிளையில் உட்கார்ந்திருந்த காப்பீட்டு ஊழியர், 'டெபாசிட் மாதிரிதான் சார், ரிட்டர்ன் கூட வரும்' என்று சொல்லி, அந்தப் பணத்தை ஒரு பாலிசியில் போட வைத்தார். வருடாவருடம் இரண்டு லட்சம் கட்ட வேண்டிய பாலிசி அது. அடுத்த ஆண்டு பிரீமியம் கேட்டுக் கடிதம் வந்ததும் அந்த ஆசிரியர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. 'கீழே உங்க கையெழுத்து இருந்துச்சுங்க மேடம், அதான் நம்பினேன்' என்றார். அதிகாரி சரிபார்த்தார் என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருந்தது. அன்றைக்கு நாற்பது தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன், எதையும் படித்திருக்க மாட்டேன். பணத்தில் ஒரு பகுதியை மீட்டுக் கொடுக்க எட்டு மாதம் ஆனது. கணக்கு முடிந்துவிட்டது என்றாலும் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்த மனிதர், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டு, தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தப் பேச்சு நடக்கிறது. புரியவில்லை என்று சொன்னால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று நமக்குத் தோன்றும். உங்கள் மகனிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவரிடம் ஃபிளாட் ரேட்டுக்கும் குறையும் பாக்கிக்கான வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அடுத்த கடன் பேச்சு வரும்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும்.

சரி, இந்தக் கால்களை நிறுத்த முடியுமா? முழுக்க நிறுத்த முடியாது, நன்றாகக் குறைக்க முடியும்.

1909 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டு, வணிக அழைப்பு எதுவும் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். உங்கள் சிம் நிறுவனத்தின் செயலியிலும், தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டிஎன்டி ('டூ நாட் டிஸ்டர்ப்', தொந்தரவு செய்யாதே) செயலியிலும் இதைச் செய்யலாம். வங்கி, காப்பீடு, கடன் என்ற ஒரு வகையை மட்டும் தடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கவும் வழி இருக்கிறது. ஓடிபி, பணம் ஏறியது, இறங்கியது போன்ற செய்திகள் இதனால் நிற்காது, அந்தப் பயம் வேண்டாம்.

பதிவு செய்த பிறகும் கால் வரும். 'டிஎன்டி போட்டும் பயனில்லை' என்று பலர் சலித்துக்கொண்டு விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். காரணம் இது: முறையாகப் பதிவு செய்த விற்பனை அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். உங்கள் தடை அவற்றைத்தான் நேரடியாகத் தடுக்கும். வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்கள் உங்கள் கணக்கு பற்றிப் பேச 1600 என்று தொடங்கும் எண் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களைக் கூப்பிட்டது இரண்டும் இல்லை, சாதாரண மொபைல் எண். விளம்பரம் செய்ய அந்த எண்ணுக்கு அனுமதியே கிடையாது. அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உங்கள் தடையை மதிக்கப்போவதில்லை. அவர்களை நிறுத்துவது புகார் ஒன்றுதான்.

டிராய் 2025 பிப்ரவரியில் திருத்திய விதிகள் புகார் கொடுப்பதை எளிதாக்கியிருக்கின்றன. கால் வந்து ஏழு நாளுக்குள் புகார் சொல்லலாம், முன்பு மூன்று நாள்தான். பதிவு செய்யாத எண் என்றால், நீங்கள் டிஎன்டி போட்டிருக்காவிட்டாலும் புகார் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நாளுக்குள் ஓர் எண்ணின் மேல் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். ஐந்து பேர்தான், சகோதரி. உங்கள் ஊரிலேயே அதே எண்ணிலிருந்து கால் வந்த ஐந்து பேர் இருக்கலாம். இரவு கடையைச் சாத்திவிட்டு, அன்றைய எண்களைச் செயலியில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், செய்துதான் ஆக வேண்டும்.

உங்கள் எண் எப்படிப் போகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடை பில் கவுன்டர், பொருட்காட்சியில் குலுக்கல் கூப்பன், மால் வாசலில் நிற்கும் கார் பக்கத்தில் வைத்திருக்கும் பெட்டி என்று எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்திருப்போம்! பில் போட மொபைல் எண் கட்டாயம் என்று கடைகள் கேட்கக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. 'நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்க' என்று சொல்லலாம், சொல்லுங்கள். உங்கள் தொழிலுக்கு இன்னொரு யோசனை: வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணையும் கடைப் பலகையில் எழுதிய எண்ணையும் வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு ஜாக்கெட் கொடுத்தவர்கள் கடை எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த எண்ணில் வந்து யாராவது 'உங்க அக்கவுன்ட்' என்று ஆரம்பித்தால், அங்கேயே தெரிந்துவிடும், பொய் என்று.

கத்தியதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பக்கம் பேசுவது பெரும்பாலும் டிகிரி முடித்துவிட்டு ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளை. என் அண்ணன் மகள் பதினான்கு மாதம் அந்த வேலையில் இருந்தாள். திரையில் வரும் வாசகத்தைத்தான் படிப்பாள். 'வேண்டாம்' என்றால் அடுத்து என்ன சொல்ல வேண்டும், 'யோசிக்கணும்' என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று திரையிலேயே வரும். வாடிக்கையாளர் தானாகக் கட் பண்ணும்வரை இவள் கட் பண்ணக் கூடாது. திட்டு வாங்கிய கையோடு பாத்ரூம் போய் முகம் கழுவிவிட்டு வரக்கூட நேரக் கணக்கு உண்டு. ஊருக்கு வந்தால் போனைச் சைலன்டில் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

ஆகையால் கத்தியதற்கு நீங்கள் வருந்துவது எனக்குப் புரிகிறது. அதே நேரம், அவர் பிழைப்புக்காக நீங்கள் கடன் வாங்க முடியாது. இரக்கப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பதும் அவருக்கு உதவி இல்லை, உங்கள் ஐந்து நிமிடமும் அவர் ஐந்து நிமிடமும்தான் வீண். 'வேண்டாம்மா, போன்ல எதுக்கும் சம்மதம் சொல்ல மாட்டேன், வெக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுங்கள். அவருக்கும் அது லேசு. உங்கள் கோபத்தை அந்த எண்ணின் மேல் கொடுக்கும் புகாரில் காட்டுங்கள்.

நிறுவனத்தின் பெயர் சொல்லி யாராவது மிரட்டினாலோ, 'கேஒய்சி முடியுது, ஓடிபி சொல்லுங்க' என்றாலோ அது விற்பனையே இல்லை, திருட்டு. அப்படி வரும் கால்களை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவியுங்கள். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கடனுக்குச் செய்ய வேண்டியது. கடன் நிறுவனத்துக்கு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி எழுதுங்கள்:

'என் கடன் எண் இது. இன்ன தேதியில் இன்ன எண்ணிலிருந்து வந்த அழைப்பின் பேரில் இந்தக் கடன் கொடுக்கப்பட்டது. வட்டி ஃபிளாட் ரேட் 11 சதவீதம் என்று மட்டும் சொல்லப்பட்டது. கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் எனக்குப் புரியும் மொழியில் தரப்படவில்லை, விளக்கப்படவும் இல்லை. அதன் தமிழ் நகலையும், நான் சம்மதம் தந்ததாகச் சொல்லும் முழு ஒலிப்பதிவையும், காப்பீட்டுக்குக் கட்டிய ரசீதையும் அனுப்பவும். 4,000 ரூபாய் காப்பீட்டை நான் கேட்கவில்லை, அதை ரத்து செய்து தொகையைத் திருப்பித் தரவும். கடனை இப்போதே அடைத்தால் மொத்தம் எத்தனை ரூபாய் கட்ட வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.'

தாள் உண்மையில் தமிழில் வந்திருந்தால் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள். நடக்காததை எழுதாதீர்கள், ஒரு வரி பொய்யானாலும் மற்ற வரிகள் எடுபடாது. காப்பீட்டு ரத்துக் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தனியாக அனுப்புங்கள். கடன் நிறுவனத்திடமிருந்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். எப்படி எழுதுவது என்று 14448-ல் கேட்டுக்கொள்ளலாம். காப்பீட்டுப் புகாருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் 155255. இதற்கிடையில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண் அடிபடும், அதைத் திரும்ப ஏற்றுவது கஷ்டம்.

கடனை அடைக்க எவ்வளவு என்று பதில் வந்ததும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் போக, மீதிக் காலத்துக்கு மிச்சமாகும் வட்டி அதிகம் என்றால் வேறு வழியில் பணம் புரட்டி இதை முடிப்பது நல்லது. கூட்டுறவு வங்கி நகைக்கடன் பொதுவாக 25 சதவீதத்தை விட வெகுவாகக் குறைவு. தையல் மெஷின் வாங்குவது தொழில் செலவு. அதற்கு மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில், 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவில், ஈடு இல்லாமல் கடன் கேட்கலாம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கே நேரில் போய், மெஷின் கொட்டேஷனோடு கேளுங்கள். அங்கேயும் முதல் கேள்வி 'ரூபாயில சொல்லுங்க'தான். ஒரு நடை போதாது, இரண்டு மூன்று நடை ஆகலாம். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

காப்பீட்டுத் தாள் உங்கள் கைக்கு வந்த தேதியை இன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பதில் வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதுவோம்.